கால் சேராத நடை

போன மாதம் திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணத்தில் உங்கள் குழு வாசித்த வீடியோவை அனுப்பியிருந்தீர்கள். பார்த்தேன். நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது, அதுதான் என் புகார். கீபோர்டு, டிரம்ஸ், இரண்டு வயலின் எல்லாம் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் போய் விழுகின்றன. காதில் மாட்டிய கருவியில் டிக் டிக் என்று ஓடிக்கொண்டே இருக்குமாம், அதை விட்டு யாரும் நகரக் கூடாதாம். பிறகு நீங்கள் என்னைப் பார்க்க வந்தபோது, ஏன் என்று கேட்டதற்கு உங்களில் ஒரு பெண், "அது இல்லாட்டி ஆளுக்கொரு பக்கம் போயிருவோம் சார்" என்றாள். ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டே ஒன்றாக இருப்பதுதான் ஜாஸ் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கிழவனுக்கு மரியாதை கொடுத்துத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வில்லை எப்படிப் பிடிப்பது, எந்த நரம்பு வாங்குவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை உங்கள் செல்போன் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டல்களிலும் கப்பல்களிலும் ஜாஸ் வயலின் வாசித்துச் சாப்பிட்டவன் நான். அந்த வாசிப்பை நான் கற்றுக்கொண்டது ஓட்டலிலும் இல்லை, கப்பலிலும் இல்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு ஊர் வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். பங்குச் சாமியார் பாடற்குழுவுக்காக வாங்கி வைத்திருந்த வயலினை வாசிக்க ஆளில்லாமல் என் கையில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வயலின், திருவிழாவுக்குச் சப்பரம் தூக்குவது, மற்ற நாளில் வலை. சப்பரம் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். தூக்குகிறவர்கள் எல்லோரும் ஒரே காலை ஒரே நேரத்தில் எடுத்து வைக்க வேண்டும். அப்போதுதான் மாதா அசைந்து அசைந்து வருவது போல இருக்கும். அந்த ஆட்டத்தில் எங்கள் குப்பத்துப் பையன்களுக்கு அப்படி ஒரு பெருமை.

பிறகு பட்டாளத்தில் ஆள் எடுத்தார்கள். வயலின் வாசிக்கத் தெரியும் என்றதும் பேண்டில் சேர்த்துக்கொண்டார்கள். அணிவகுப்பில் கிளாரினெட், அதிகாரிகளின் மெஸ்ஸில் நடனம் நடக்கும் நாட்களில் வயலின். சப்பரம் பாதி கற்றுக்கொடுத்திருந்தது, மீதியை அணிவகுப்பு மைதானம் கற்றுக்கொடுத்தது. தூக்கத்தில் எழுப்பி நடக்கச் சொன்னாலும் பக்கத்தில் இருப்பவனின் காலோடு என் கால் சேர்ந்துதான் விழும்.

எங்கள் பேண்ட் மாஸ்டர் கோவாக்காரர். நல்ல மனிதர், கெட்ட வாய். மெஸ்ஸில் ஜாஸ் வாசிக்கும்போது என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். ஸ்வரம் ஒன்றும் தப்பில்லை, ஆனால் நீ வாசித்தால் இவர்கள் நடனமாட மாட்டார்கள், முழங்கால் போட்டு ஜெபம்தான் செய்வார்கள் என்பார் இந்தியில். தாளத்துக்குள் போய் விழாதே, தாளம் போகட்டும், நீ பின்னால் வா என்பார். எனக்கு விளங்கவே இல்லை. தாளத்துக்குப் பிந்துவது என்றால் எங்கள் ஊரில் தப்பு. பட்டாளத்தில் தண்டனை.

அப்புறம் கிழக்கு எல்லையில் போர் வந்தது. பேண்டுக்காரனுக்குப் போரில் என்ன வேலை என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. வாத்தியத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்குவதுதான் வேலை. அடிபட்டவனைக் குண்டு விழும் இடத்திலிருந்து டாக்டர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். அந்தப் பயிற்சியில் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தூக்குகிற நாலு பேரின் கால் சேரக் கூடாது. சேர்ந்தால் ஸ்ட்ரெச்சர் ஊஞ்சல் ஆடும், மேலே இருப்பவனின் காயம் திறந்துகொள்ளும். காலை மாற்றி மாற்றி வைத்தால் அது தண்ணீர் மேல் போவது போலப் போகும். மைதானத்தில் காலி ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இதைச் சிரித்துக்கொண்டே செய்து காட்டினோம்.

அந்தப் பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறுப்பு முடிந்த தாள் வயல், வரப்பு, வாய்க்கால், தூரத்தில் தென்னை. நம் ஊர் மாதிரியே இருந்ததால் பயம் இன்னும் அதிகமாக இருந்தது. வாய்க்கால் கரையில் ஒருவன் கிடந்தான். தொடையில் அடி. முகமெல்லாம் சேறு. டாக்டர் இருந்த இடம் வயல்களைத் தாண்டி மூங்கில் தோப்புக்குப் பின்னால். ரத்தம் போன வேகத்தைப் பார்த்தால் அவன் அதுவரை தாங்குவானா என்று எங்கள் நாலு பேருக்கும் சந்தேகம். கால்மாட்டில் இடது பக்கம் நான். கால்மாடுதான் முன்னால் போகும், ஆகவே அவன் எனக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தான்.

தூக்கினோம், ஓடினோம். பின்னால் ஒரு குண்டு விழுந்தது. அவ்வளவுதான், கற்ற பயிற்சி எல்லாம் காற்றில் போய்விட்டது. நாலு பேரும் பேண்டுக்காரர்கள். பயம் வந்ததும் எட்டுக் காலும் அணிவகுப்பில் போவது போல ஒன்றாக விழ ஆரம்பித்தன. பயந்த உடம்பு நேற்றுப் படித்ததைச் செய்யாது, பழகியதைத்தான் செய்யும். இதை மட்டும் எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெச்சர் ஆடியது. அவன் அலறினான். அலறல் எங்களை இன்னும் விரட்டியது, இன்னும் ஒழுங்காகக் கால் சேர்த்தோம்.

அப்போதுதான் பின்னாலிருந்து தமிழ் கேட்டது. "அட பாவிகளா, சப்பரமாடா தூக்குறீங்க? இப்புடி ஆட்டுறீங்களே! காலை மாத்துங்கடா, காலை மாத்துங்க!"

நாலு பேரில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சப்பரம் என்ற சொல் சவுக்கடி மாதிரி விழுந்தது. மற்றவர்களுக்குக் கத்திச் சொன்னேன். நின்று, காலை மாற்றி, மறுபடி கிளம்பினோம். பத்தடிக்குள் கால்கள் தானாகவே மறுபடி சேர்ந்துவிட்டன. மனசு வேண்டாம் என்கிறது, கால் கேட்கவில்லை. அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் மெஸ்ஸில் வாசிக்கும் ஒரு நடனப் பாட்டை முனக ஆரம்பித்தேன். பாட்டின் தாளம் மற்ற மூன்று பேர் காலில் விழட்டும், என் காலை அது விழுந்த பிறகு, ஒரு மூச்சு விட்டு, இடைவெளியில் வைக்கலாம் என்று செய்து பார்த்தேன். வைத்தேன். மறுபடி வைத்தேன். எனக்குப் பின்னால் இருந்தவன் என்னைப் பார்த்து மாற்றிக்கொண்டான். அவனைப் பார்த்து அடுத்தவன். ஆட்டம் நின்றது.

"ஆங்... இப்ப சரி," என்றது குரல். கொஞ்ச தூரம் போனதும், "பாட்டை நிறுத்தாத. நீ எந்த ஊரு?" என்றது. குப்பத்தின் பேரைச் சொன்னேன், பேண்டில் வாசிப்பவன் என்றும் சொன்னேன். "நான் வலங்கைமான். எங்க மாரியம்மனைத் தெரியுமா?"

"தெரியும். பாடைக் காவடி."

உங்களில் கடற்கரைக்காரர்கள் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். சாகக் கிடந்து பிழைத்தவர்கள் பங்குனியில் வலங்கைமான் மாரியம்மனுக்குச் செலுத்தும் நேர்த்திக்கடன் அது. உண்மையாகவே பாடை கட்டி, பிழைத்த ஆளை வாயைக் கட்டி நெற்றியில் காசு வைத்துப் பிணம் போலப் படுக்க வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு கோவிலைச் சுற்றி வருவார்கள். கோவிலில் இறக்கியதும் ஆள் எழுந்து நடந்து போவார்.

"பொழச்சேன்னா எடுக்குறேன்னு ஆத்தாக்கிட்ட இப்பத்தான் சொல்லிட்டேன்," என்றான். "மூணு பேரு எங்க வீட்டுலயே இருக்காங்க. நாலாவது ஆளு நீ. கால்மாட்டு எடது மூலை ஒனக்கு. வந்துரணும் பேண்டு."

"வர்றேன் மாப்ள. நீ பேசாம படு."

"பேசாம படுத்தா போயிருவேன்டா. நீ பாடு."

டாக்டர் இருந்த இடம் வரை பாடினேன். அவனை உயிரோடு இறக்கினோம். திரும்பி அவன் முகத்தைப் பார்ப்பதற்குள் அடுத்த ஆளைத் தூக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். நாங்கள் மறுபடி வந்தபோது அவனை வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பிழைத்தானா, இல்லையா? கேட்டால் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. பேரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

போர் முடிந்தது. அந்தப் பங்குனிக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஊர் ஊராக வெற்றி அணிவகுப்பு, எல்லா ஊரிலும் பேண்ட் வேண்டும். நான் கால் சேர்த்து நடந்துகொண்டிருந்தேன். மெஸ்ஸில் மறுபடி நடனம் தொடங்கியதும் வயலினை எடுத்தேன். இரண்டாவது பாட்டிலேயே பேண்ட் மாஸ்டர் கையைக் காட்டி மற்றவர்களை நிறுத்தினார். என்னைத் தனியாக வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, எங்கே கற்றாய் என்றார். சொன்னேன். அந்தக் கெட்ட வாய்க்காரர் என் தோளைத் தட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

பிறகு அந்த இடைவெளிதான் எனக்குச் சோறு போட்டது. கல்கத்தாவில் ஓட்டல், பம்பாயில் ஓட்டல், கப்பல், துபாய். ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன், தொழிலில் உங்களுக்கு உதவும். பம்பாயில் ஒரு பெரிய கல்யாண விருந்து. பாடகி பதற்றத்தில் நாலு வரியை விட்டுவிட்டு முன்னால் தாவிவிட்டார். பியானோக்காரர் அவரைப் பிடிக்க ஓடினார். பேஸ் கிடார் வாசித்தவர் பியானோவைப் பிடிக்க ஓடினார். டிரம்ஸ்காரர் இந்தக் களேபரத்தில் நின்றே போனார். எனக்கும் கை ஓடப் பார்த்தது. ஸ்ட்ரெச்சர் தூக்கும்போது ஒருவன் சேற்றில் வழுக்கினால் மற்ற மூன்று பேரும் அவனோடு சேர்ந்து குனியக் கூடாது. குனிந்தால் படுத்திருப்பவன் கீழே. நான் ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். என்னைக் கேட்டுப் பாடகி நிதானமானார், அப்புறம் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். விருந்துக்கு வந்தவர்கள் கைதட்டினார்கள், அதை ஏதோ புது உத்தி என்று நினைத்துக்கொண்டு. ஒருவர் தடுமாறும்போது அவரோடு சேர்ந்து தடுமாறுவது உதவி ஆகாது. அவர் வந்து பிடித்துக்கொள்ள ஓர் இடம் அசையாமல் இருக்க வேண்டும்.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் அரை மூச்சு பிந்தி வருவது எனக்கு வயலினோடு நிற்கவில்லை. நண்பர்கள் சிரித்து முடித்த பிறகு சிரிப்பவன் ஆகிவிட்டேன். மனைவி இருந்தவரை, "நீங்க வீட்ல இருக்கும்போதும் எங்கயோ போய்க்கிட்டுத்தான் இருக்கீங்க" என்பாள். அவள் போய்விட்டாள். மகன் கனடாவில். தஞ்சாவூரில் மாடியில் ஒரு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறேன். சாயங்காலம் வயலினை எடுத்தால் தாளம் போட ஒரு ஆள் இல்லை, மின்விசிறிதான் போடுகிறது. பிந்தி வாசிப்பதற்கு முன்னால் போகிறவன் ஒருவன் வேண்டும். தனியாக இருப்பவன் யாருக்குப் பிந்துவான்? தனிமையாகத்தான் இருக்கிறது. சொல்ல வெட்கமில்லை.

அவனைத் தேடினேனா என்று கேட்பீர்கள். பட்டாளத்தை விட்டு வந்த வருஷமே பங்குனியில் வலங்கைமான் போனேன். வரிசையாகப் பாடைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் எட்டி எட்டி முகம் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோசனம்? எனக்குத் தெரிந்தது அவன் குரல் மட்டும். பாடையில் படுத்திருப்பவர்கள் எல்லோருக்கும் வாய் கட்டியிருந்தது. டீக்கடையில் விசாரித்தேன். "சுத்துப்பட்டு ஊரு அத்தனையும் வெளியூருக்குப் போனா வலங்கைமான்னுதாங்க சொல்லிக்கும். பட்டாளத்துல அடிபட்டவருன்னா யாரைன்னு சொல்றது?" என்றார் கடைக்காரர். மூன்று வீடு காட்டினார். மூன்றிலும் வேறு குரல். அப்புறம் லீவில் வந்து பங்குனி வாய்த்த வருஷங்களில் எல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வருஷம் ஆக ஆக, அவன் மூங்கில் தோப்போடு போய்விட்டான் என்று மனசு தானாகவே முடிவுகட்டிவிட்டது.

போன பங்குனியில் தேட ஒன்றும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பஸ் ஏறினேன். வெயில் கொளுத்தியது. மேளம் ஒரே தாளத்தில் அடிக்க, பாடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தூக்குகிறவர்கள் மேளத்துக்குக் கால் சேர்த்து நடந்தார்கள். எல்லாப் பாடையும் ஆடி ஆடிப் போயின. நான் ஒரு பந்தல் நிழலில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பாடை மட்டும் ஆடவில்லை.

மேளம் அடிக்கிறது, அந்த நாலு பேரின் கால்கள் அதற்குக் கட்டுப்படவில்லை. ஒன்று முன்னே, ஒன்று பின்னே விழுகிறது. மேலே ஒரு பெண் படுத்திருந்தாள், நாற்பது வயது இருக்கும். அவள் நெற்றியில் வைத்த காசு நகரவே இல்லை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பாடையோடு நடந்தேன்.

முன்னால் தூக்கிப் போனவர்களில் ஒருவன் குரல் கொடுத்தான். "சித்தப்பா, பேண்டுக்காரன் மூலைக்கு ஆளை மாத்துங்க. தோள்பட்டை எரியுது!"

அவன் நின்றிருந்தது கால்மாட்டு இடது மூலை.

பக்கத்தில் மோர்ச் சொம்போடு நடந்தவர்தான் அந்தச் சித்தப்பா. ஐம்பது வயதுக்காரர். "தம்பி, அது என்ன மூலை?" என்றேன்.

"எடது கால்மாட்டை எங்க வீட்டுல அப்படித்தாங்க சொல்லுவோம். எங்க அப்பா வச்ச பேரு. ஏன்னு தெரியாது."

"அப்பா பட்டாளமா?"

"ஆமாங்க. சண்டையில தொடையில அடிபட்டுப் பொழச்சு வந்தவரு. மொதமொதல்ல எங்க வீட்டுல பாடை எடுத்ததே அவருதான். அந்த மூலைக்கு ஒருத்தர் வருவாருன்னு ரொம்ப நேரம் தூக்கவே விடலையாம். கடைசில எங்க மாமா புடிச்சாராம். தூக்குறப்ப கால் மட்டும் சேரவே கூடாதும்பாரு. சேந்தா படுத்திருக்கவன் செத்துருவான்னு கத்துவாரு. வீட்டுப் புள்ளைங்களுக்கெல்லாம் காலி பாடையத் தூக்கச் சொல்லிப் பழக்குனாரு. இது எங்க தங்கச்சிங்க, ஆப்பரேசன் ஆகிப் பொழச்சு வந்திருக்கு."

"அப்பா..."

"போய் ஆறு வருசம் ஆச்சுங்க. கடைசிவரைக்கும் வருசா வருசம் இங்க வந்து நிப்பாரு."

நான் தஞ்சாவூருக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் நான் வந்த வருஷங்களில் இந்தக் கூட்டத்தில் எங்கேயோ அவனும் நின்றிருக்கிறான். அவனும் என் முகத்தைப் பார்த்ததில்லை, முதுகைத்தான் பார்த்தான். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஐம்பது வருஷமாக நான் ஒருவன்தான் இப்படிப் பிந்தி நடக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்கு இருபது மைல் தள்ளி ஒரு குடும்பமே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"கொஞ்ச தூரம் நான் பிடிக்கட்டுமா?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வயசாயிருச்சுங்களே. தாங்குவீங்களா?"

"கொஞ்ச தூரம்தான்."

வேண்டுதல் ஏதோ இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, விட்டார். பையன் விலகினான். தோளைக் கொடுத்தேன். பச்சை மூங்கில் அழுத்தியது. மேளம் விழுந்தது, மற்ற மூன்று பேரின் கால்கள் விழுந்தன. ஒரு மூச்சு விட்டு நான் வைத்தேன். மறுபடி வைத்தேன். வாய் தானாகவே அந்தப் பழைய பாட்டை முனகியது. தாளத்தில் எனக்கு முன்னால் போக ஆள் இருந்தது. வயலின் கையில் இல்லை என்பதைத் தவிர, என் வாழ்க்கையில் நான் வாசித்த நல்ல வாசிப்பு அதுதான்.

கோவிலில் இறக்கினோம். அந்தப் பெண் வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அவள் அண்ணன் சொம்பிலிருந்து எனக்கு மோர் ஊற்றினார். எனக்கு மூச்சு வாங்கியது.

"பரவால்லீங்களே," என்றார். "வெளி ஆளுங்க யாரு வந்தாலும் கால் சேந்துரும். நீங்க மாத்தித்தான் நடந்தீங்க. யாருங்க சொல்லிக் குடுத்தா?"

"உங்க அப்பாதாம்ப்பா," என்றேன்.